இரண்டாம் தடவை எழுதலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் எனக்கு பி, சி, சி. மருத்துவ பீடம் கிடைக்காது. உயிரியலில் எடுத்த பி-யை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மட்டும் திரும்ப எழுதலாமா, ரீச்சர்?
- வாசகி, கோப்பாய்

பதில்: இல்லைப் பிள்ளை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே அமர்வில் எழுதியதாக இருக்க வேண்டும். அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் அந்த மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரிதான். அதனால் பழைய பி கைகொடுக்காது. உயிரியலையும் சேர்த்தே படியுங்கள்.

ஆனால் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்று தடவை வரை வாய்ப்பு உண்டு. நானும் இரண்டாம் தடவைதான் உள்ளே போனேன். முதல் தடவை இரசாயனவியல் என்னைக் கவிழ்த்தது. திரும்ப ரியூசனுக்குப் போகவில்லை. மாமரத்தடியில் மேசை போட்டு, பழைய பல்தேர்வு வினாத்தாள்களை நேரம் பார்த்துச் செய்தேன். 50 கேள்வி, 2 மணித்தியாலம். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதினேன். பாதிக்கு மேல் பாடம் தெரியாமல் பிழைத்தவை அல்ல, அவசரத்தில் பிழைத்தவை! அந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது. நீங்களும் இன்றைக்கே ஒன்று தொடங்குங்கள்.

பாடசாலையை விட்டு விலகியிருந்தால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள். அப்புறம், இந்த முறை வேறொரு துறை கிடைத்தால், பதிவு செய்வதற்கு முன், பதிவு செய்தபின் திரும்ப எழுதி மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை அம்மா அப்பாவோடு இருந்து வாசியுங்கள். சொந்தக்காரர் கேட்பதற்கெல்லாம் இப்போது பதில் சொல்ல வேண்டாம்.