சினை பிடித்தும் தங்காத மாடுகள்: கொழும்பு மாடு வளர்ப்போருக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்கள்

மட்டக்குளியில் இருந்து: ஐயா, சினை ஊசி (செயற்கைமுறை சினைப்படுத்தல்) போட்டு 21ஆம் நாள் மாடு பருவத்துக்கு வரவில்லை. சினை என்று சந்தோஷப்பட்டோம். 32ஆம் நாள் பருவத்துக்கு வந்து கத்துகிறது. ஒன்றும் விழுந்ததாகக் காணவில்லையே?

தம்பி, சினை பிடித்து, பிறகு கலைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 16, 17ஆம் நாள் அளவில் கரு இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைத் தாயின் உடம்புக்குத் தெரிவிக்கும். அது கிடைத்தால் மாடு அடுத்த பருவத்துக்கு வராது. அதற்கு முன்னமே கரு செத்தால் மாடு வழமைபோல 21 நாளில் திரும்பும். நாமும் ஊசி பிடிக்கவில்லை என்று ஊசி போட்டவரைக் குறை சொல்வோம். உங்கள் மாட்டின் கரு அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அவ்வளவு சிறிய கருவை உடம்பே உறிஞ்சிவிடும், இல்லாவிட்டால் சளியோடு போய்விடும். 42ஆம் நாள் கத்தியிருந்தால், இடையில் ஒரு பருவத்தைக் காணாமல் விட்டீர்கள் என்று சொல்லியிருப்பேன். தேதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கொலன்னாவையில் இருந்து: ஏப்ரலில் போட்ட ஊசி எதுவும் நிற்கவில்லை. வெயிலா காரணம்?

பெரும்பாலும் அதுதான். ஊசி போட்ட முதல் சில நாட்களில் கரு சூட்டைத் தாங்காது. கொழும்பில் இரவிலும் புழுக்கம் குறையாததால் மாட்டின் உடம்பு ஆறுவதில்லை. அண்மையில் ஒரு தொழுவத்தில் மத்தியானம் தகரத்துக்குக் கீழே கையை உயர்த்திப் பார்த்தேன், அடுப்படி மாதிரி அனல். மாடு வாயைத் திறந்து, எச்சில் ஒழுக இரைத்துக்கொண்டு நின்றது. தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள். முதுகில் தண்ணீர் ஊற்றினால் மின்விசிறியும் வேண்டும், இந்த ஈரக்காற்றில் தண்ணீர் தானாகக் காயாது.

வெல்லம்பிட்டியில் இருந்து: சினையை எப்போது பார்க்கலாம்?

ஸ்கானில் 30 நாள், கையை உள்ளே விட்டுப் பார்த்துப் பழகியவருக்கு 40 நாள். 60ஆம் நாள் அளவில் மறுபடியும் பாருங்கள், இடையில் கலைவதுண்டு. அப்புறம், சில சினை மாடுகளும் பருவம் காட்டும். பார்க்காமல் மறு ஊசி போட்டால் இருக்கும் கருவும் போய்விடலாம்.

வத்தளையில் இருந்து: ஆறாம் மாதம் கன்று விழுந்தது. வெறுங்கையால் எடுத்துவிட்டோம்.

அக்கா, இதில் முதலில் கன்று விழச் செய்யும் புரூசெல்லா என்ற கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கன்றையும் இளங்கொடியையும் நாய் இழுக்காமல் மூடி வைத்து, இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாலைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், கன்று விழுந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.