வாசகர் கேள்வி: பேட்டரி சின்னது, மோட்டார் பெரிது

கே: ஃபார்முலா ஒன் காரில் 2026 விதிப்படி ஏறத்தாழ பாதி சக்தி மின்சாரமாமே! பேட்டரியைப் பெரிதாக்கிவிட்டார்களா?
– வாசகர், ஓசூர்

ப: இல்லை, சிக்கலே அதில்தான். மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போய்விட்டது. ஓடும்போது பேட்டரியில் புழங்க அனுமதி பழையபடி 4 மெகாஜூல்தான். உங்கள் ஊர்ச் சாலையில் ஓடும் 3 யூனிட் பேட்டரி ஸ்கூட்டரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! முழுசாகத் திறந்தால் பதினொன்றரை விநாடிக்குள் காலி.

அதனால் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப நிரப்பியாக வேண்டும். பிரேக்கில் கிடைப்பது பல தடங்களில் பத்தாது. வளைவுக்கு முன்பே ஆக்ஸிலேட்டரை விடுவார்கள். அல்லது மிதித்தபடியே இருக்க, என்ஜின் சக்தியில் ஒரு பகுதியை மோட்டார் பிடுங்கி பேட்டரிக்கு அனுப்பும். நேர்ப்பாதை முடிவில் கார் தொய்வது என்ஜின் கோளாறு அல்ல.

290 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் மோட்டார் உதவி படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது விதி. முன்னால் போகிறவரை ஒரு விநாடிக்குள் நெருங்கியவருக்கு மட்டும் 337 வரை குறையாது. முந்துவதற்காக, நெருங்கியவர் மட்டும் பின் இறக்கையைத் திறக்கலாம் என்றிருந்த பழைய டிஆர்எஸ் வசதிக்குப் பதில் வந்தது இதுதான். இறக்கைகளை நேர்ப்பாதையில் இப்போது எல்லோருமே திறக்கலாம்.

கே: பென்னாகரத்தில் ஃபுல் சார்ஜ் போட்டு ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கினால் ஸ்கூட்டரில் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக்காகி பேட்டரியை நிரப்புவது) பிடிப்பதே இல்லை. மற்ற நேரம் நன்றாகப் பிடிக்கிறது. ஏன்?
– வாசகர், பென்னாகரம்

ப: நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாதே. மலை இறங்கும் நாளில் 85 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றுங்கள். அப்போதும் கை பிரேக்கை நம்பியே இறங்குங்கள்.

பந்தயக் காரிலும் இதே தொல்லைதான். மோட்டார் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி நிரம்பி மோட்டார் கைவிட்டால், அதே கணம் கம்ப்யூட்டர் பின் டிஸ்க்கை அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். குறைந்தால் பாரம் முழுக்க முன்பக்கம் விழுந்து வளைவைத் தாண்டி நேராகப் போய்விடும்.

கே: கார் சின்னதாகிவிட்டதா?
– வாசகர், பாலக்கோடு

ப: அகலத்தில் 10 செ.மீ., சக்கர இடைவெளியில் 20 செ.மீ., எடையில் 32 கிலோ குறைவு. குறைந்தபட்ச எடை 768 கிலோ. மொனாக்கோ சந்துகளில் முந்த இது போதாது.