மனை என்றால் வீடு

கேள்வி: கிராமத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடுகிறது. கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் வீடுகள் பெருகும், ஊரும் வளருமே? (வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: 'மனை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் அடுத்த வார்த்தைக்குப் போக முடியவில்லை. மனை என்றால் தமிழில் வீடு. அடுப்பெரிகிற, ஆள் புழங்குகிற வீடு. மனைவியும் மனையறமும் அதிலிருந்து வந்த சொற்கள். இன்றைக்கு மனை என்றால் வீடு இல்லாத இடம். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கல் நட்ட 1,200 சதுர அடி. குடியிருக்க இடம் வாங்கிய காலம் போய், விற்பதற்கென்றே வாங்கும் காலம் வந்தபோது சொல்லும் கூடவே புரண்டுவிட்டது. நகர் கதையும் இதேதான். பழந்தமிழில் நகர் என்பதற்கு மாளிகை என்றும் பொருள். சாலையோர வளைவில் ஏதோ ஒரு 'நகர்' என்று எழுதியிருக்கும், உள்ளே 'மனை எண் 1' முதல் 'மனை எண் 200' வரை போகும். இரண்டு சொல்லும் வீட்டைத்தான் சொல்கின்றன, உள்ளே போனால் கருவேலமரம்தான் நிற்கிறது.

நண்பர் ஒருவர் பதினைந்து வருஷத்துக்கு முன் வாங்கிய மனையைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். கையில் பத்திரம், பத்திரத்தில் எண் 47. கல் ஒன்றையும் காணோம். வளைவிலிருந்து காலடி வைத்து எண்ணினோம். அவர் கணக்கில் மனை ஒரு புதருக்குள் இருந்தது, என் கணக்கில் ஒரு பள்ளத்தில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து தீர்த்துவைத்தார்: "பள்ளம் இல்லைங்க, அது ஏரிக்குத் தண்ணி போற வாய்க்கால்." நண்பர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்வரை பேசவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த வாய்க்காலில் இருக்கிறது. நீங்கள் கேட்கிற தளர்வு ஏற்கெனவே இருந்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்தும், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு கையெழுத்தில் வயல் வயலாகக் கல் நட்டார்கள். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான், வாங்கியவர்களுக்குத் தங்கள் பத்திரத்தின் கதி தெரிந்தது. அடுத்த வருஷம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளுக்குப் பணம் கட்டி ஒப்புதல் பெற வழி கிடைத்தது. பத்திரம் சீரானது. வாய்க்கால் திரும்பி வரவில்லை.

ஒப்புதலுக்கு அலைக்கழிப்பது அநியாயம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் முறையாக வாங்கும் ஒப்புதலிலும் ஒரு ஓட்டை உண்டு. மனைப்பிரிவைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். தெரு அகலம் சரியா, பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீதம் பொது இடம் விட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் பத்து மனைப்பிரிவு வந்தால் மழைத்தண்ணீர் எங்கே போகும், பிணம் எந்த வழியாகப் போகும், மாடு எங்கே மேயும் என்பதை ஊர் முழுக்க வைத்துப் பார்க்கும் திட்டம் பெரும்பாலான கிராமங்களுக்குக் கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறையாக இழுக்கிறேனோ தெரியாது, இழுக்கத்தான் செய்வேன். ராஜராஜன் ஒரு ஊருக்கு வரி கணக்கிடும்போது இறையிலியாக, அதாவது வரி இல்லாத நிலமாக, எதையெல்லாம் கழிக்கிறான்? ஊர்நத்தம் என்கிற குடியிருப்பு நிலம், கோயில், குளம், "ஊடறுத்துப் போன வாய்க்கால்", பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஓலையில் எழுதியவருக்கு, வயலை ஊடறுத்துப் போகிற வாய்க்காலைத் தனியே எடுத்து எழுதத் தெரிந்திருக்கிறது.

அதே வரியில் சேரி தனியாக நிற்பதையும் பார்த்தீர்களா? அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. கிராம நத்தம் அன்று அளந்த அளவிலேயே கிடக்கிறது, குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பெருகிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிள்ளைகுட்டியோடு ஒன்றரை சென்டில் அடைந்து கிடக்கிறார்கள். வீடு கட்டப் பணம் தரத் திட்டம் இருக்கிறது. பிரதமரின் வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு 1.2 லட்சம், தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம். அந்தப் பணத்தை வாங்கிக் கட்ட முதலில் காலடியில் பட்டா இடம் வேண்டும். அது இல்லாதவர் ஊருக்குள் இருக்கிறார். இடம் வைத்திருப்பவர் எங்கோ இருந்துகொண்டு விலை ஏறக் காத்திருக்கிறார்.

1998-இல் மதுரை மேலக்கோட்டையில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து குடியிருக்க அரசு கட்டிய முதல் சமத்துவபுரம் திறந்தபோது, 'சாதியைக் காலனி கட்டியா ஒழிப்பது' என்று இங்கே எழுதிய ஒரு நண்பரோடு மல்லுக்கு நின்றேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான் என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதையும் திட்டமாக்க முடியும் என்று ஓர் அரசு நினைத்தது பெரிய காரியம். பராமரிப்பு சரியில்லை என்பது உண்மை. பழுது பார்த்துப் பராமரிக்க வேண்டுமே ஒழிய, அதற்காக யோசனையைக் கைவிடக் கூடாது.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்ததில் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புல வரைபடங்களையும் கொண்டுவரச் சொல்லித் தரையில் விரியுங்கள். வாய்க்காலை முதலில் நீல மையால் கோடு போடுங்கள். பிறகு, ஊருக்குள் ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும் வீடுகளை எண்ணுங்கள். ஊர் எந்தப் பக்கம் வளரலாம் என்ற பேச்சு அதற்குப் பின்னால் வரட்டும். நீலக் கோடு எந்தெந்த மனை எண்களின் மேல் போகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறேன்.