வாட்ச் செயின் மாற்ற எந்த டூல்? வாசகர் கேள்வி-பதில்

கே: என் வாட்ச் செயினை நானே மாற்ற வேண்டும். எந்த டூல் வாங்கலாம்?

ப: எந்த வாட்ச் என்று எழுதவில்லை, லக் அகலமும் இல்லை. (லக் என்பது செயின் மாட்டும், கொம்பு போன்ற கால்; இரண்டு லக்குகளுக்கு நடுவே உள்ளது லக் அகலம்.) சரி, நீங்களே பாருங்கள். லக்கின் வெளிப்பக்கத்தில் ஓட்டை தெரிந்தால், அந்த ஓட்டையைவிடச் சற்று மெல்லிய ஊசி முனை போதும். வெளியிலிருந்து அழுத்தினால் ஸ்பிரிங் பாரின், அதாவது செயினை லக்கோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த கம்பியின், நுனி உள்ளே போய்விடும். ஓட்டை இல்லை, எண்ட் லிங்க்கின் (வாட்ச்சை ஒட்டிய கடைசிக் கண்ணியின்) அடியில் வெட்டு இருக்கிறது என்றால் மெல்லிய கவட்டை முனை. பாரில் குட்டிக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் அது க்விக் ரிலீஸ், நகமே போதும்.

கே: சேஃப்டி பின், பேனாக் கத்தி வைத்துச் செய்யலாமா?

ப: கூடாது.

கே: பெட்டி நிறைய டூல் உள்ள செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எல்லாமே இருப்பதால் அதையே வாங்கிவிடலாம் அல்லவா?

ப: மாதம் தவறாமல் வரும் கேள்வி. எல்லாம் இருக்கும், வேலைக்கு ஆகிற ஒன்று இருக்காது. எண்ட் லிங்க்குக்கும் லக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இந்த செட்களில் வரும் கவட்டை பெரும்பாலும் ஸ்ட்ராப்புக்கானது, தடிமனாக இருக்கும். பாரின் விளிம்பைப் பிடிக்காமல் அதன் மேல் ஏறி நின்று, அழுத்தியதும் வழுக்கி, லக்கின் உள்பக்கத்தை உழுதுவிடும். இரும்பும் மட்டம். நான்கு முறை அழுத்தினால் கவட்டையின் ஒரு கால் வளைந்துவிடும். கூடவே வரும், லிங்க்குகளை இணைக்கும் பின்னை வெளியே தள்ளுகிற, திருகு வைத்த பிளாஸ்டிக் கருவியைப் பற்றிக் கேட்காதீர்கள். லிங்க் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அதன் ஊசி மடங்கிவிடும். மிச்சமிருப்பது மூடி திறக்கும் சாவிகள்; உங்களுக்கு அவை தேவையே இல்லை.

அதற்குப் பதில் முனை மாற்றக்கூடிய நல்ல ஸ்பிரிங் பார் டூல் ஒன்று வாங்குங்கள். பெர்ஜான் கம்பெனியின் 6767-இல் எஃப் என்ற எழுத்தோடு வருவது மெல்லிய முனை, செயினுக்கு அதுதான். எண்ட் லிங்க்கின் அடியில் பாரின் இரு விளிம்புகளும் தெரிகிறதென்றால், இரண்டையும் ஒரே பிடியில் அமுக்கும் 7825 இடுக்கி இன்னும் சுலபம். பழைய கவட்டைதான் கையில் இருக்கிறது என்றால், பிசிறை நைஸ் எமரித் தாளில் தேய்த்துவிட்டாவது தொடங்குங்கள்.

டூல் நல்லதாக இருந்தாலும் நெம்பினால் கெட்டுவிடும். கவட்டையைப் பாரின் விளிம்பில் உட்காரவைத்து, பாரின் நீளவாக்கில், வாட்ச்சின் நடுப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். மேல்நோக்கித் தூக்கவே கூடாது. நுனி ஓட்டையை விட்டு வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் லேசாக நகர்த்திவிட்டு அடுத்த பக்கம் போங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே லக்குகளில் டேப் ஒட்டுங்கள். பார் தெறித்து ஓடாமலிருக்க, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யலாம்.

கே: லிங்க்கின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கிறது. பின்னை எந்தப் பக்கம் தட்டுவது?

ப: கழற்றும்போது அம்பு காட்டும் திசையில். மாட்டும்போது எதிர்த்திசையில். எந்த முனை முதலில் வெளியே வந்ததோ அது கடைசியாக உள்ளே போக வேண்டும். பின் வந்ததும் கீழே பாருங்கள்: சில செயின்களில், குறிப்பாக சீகோவில், பின்னைப் பிடித்துக்கொள்ளும் பொடிக் குழாய் ஒன்று சத்தமில்லாமல் உதிரும். அது இல்லாமல் மாட்டினால் பின் நழுவி, வாட்ச் தரைக்குப் போகும். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள். சுத்தியல் பித்தளையோ நைலானோ இருக்கட்டும். செராமிக் செயினைத் தட்டவே வேண்டாம், உடையும்.

கே: திருகு வைத்த லிங்க். திருகு அசையவே மாட்டேன் என்கிறது, தலையும் தேய ஆரம்பித்துவிட்டது.

ப: தேய ஆரம்பித்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் அலகு, திருகுத் தலையின் வெட்டை நீளத்திலும் தடிமனிலும் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மி.மீ.க்குள் வரும். தொழிற்சாலையிலேயே திருகுப் பசை போட்டிருப்பார்கள். அது சூட்டுக்கு இளகும். செயினை வாட்ச்சிலிருந்து தனியாகக் கழற்றி, ஹேர் டிரையரில் சில நிமிடம் காட்டிவிட்டுத் திருகுங்கள். வாட்ச்சோடு சேர்த்துச் சூடாக்கினால் வாட்டர் சீல் போய்விடும். மறுபக்கமும் வெட்டு இருந்தால் இரண்டு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. திரும்ப மாட்டும்போது லாக்டைட் 222 என்ற திருகுப் பசை ஒரு துளி, அதுவும் ஊசி நுனியில் தொட்டு. மூட்டில் வழிந்தால் லிங்க் மடங்காது.

கே: 20 மி.மீ. என்று அளந்து வாங்கிய செயின் உள்ளே நுழையவில்லை.

ப: எதில் அளந்தீர்கள்? பள்ளி ஸ்கேலில் என்றால் அது 19 ஆக இருக்கும். வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள்.

கே: பழைய ஸ்பிரிங் பாரையே போடலாமா?

ப: வளைவு இருந்தாலோ, நுனியை அழுத்திவிட்டதும் துள்ளி வராவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது நீளம் மட்டும் பார்த்தால் போதாது. சாதாரண பார் 1.5 அல்லது 1.8 மி.மீ. தடிமன். சீகோ டைவர் வாட்ச்கள் பலவற்றில் 2.5, நுனியும் தடித்தது. அங்கே மெல்லியதைப் போட்டால் ஆடும், ஓட்டையிலிருந்து நழுவும். மாட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் இழுத்து, திருகி, ஆட்டிப் பாருங்கள், மெத்தை மேல் பிடித்துக்கொண்டு. ‘க்ளிக்’ சத்தம் மட்டும் கேட்டால் போதாது.

கே: டேப் ஒட்ட மறந்துவிட்டேன். லக்கில் கீறல். எப்படிப் போக்குவது?

ப: லக்கின் உள்பக்கம் என்றால் விட்டுவிடுங்கள், செயின் மறைத்துவிடும். வெளிப்பக்கம், அதுவும் பளபளப்பான பரப்பு என்றால் பாலிஷ் போடுபவரிடம் கொடுங்கள். நீங்களே தேய்த்தால் லக்கின் கூர்விளிம்பு மழுங்கிவிடும், அது திரும்ப வராது.