பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் தினமும் தலைவலிதானா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மனசு போய்விட்டதாம். "ஓடுகிற நாளைவிட ஷெட்டில் கிடக்கிற நாள்தான் அதிகம்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒன்பது வருடமாக 1970 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டரோடு (கூரையைத் திறந்து ஓட்டும் ரகம்) மல்லுக்கட்டுகிறவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் எல்லோரும் எஞ்சினைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். எஞ்சின் பாவம், அது ஒன்றும் செய்யாது. 1798 சிசி, நாலு சிலிண்டர், இதைச் செய்த பிஎம்சி கம்பெனியின் குடும்பக் கார்களிலும் ஓடிய அதே பி-சீரிஸ் ரகம். நல்ல 20டபிள்யூ-50 ஆயிலை நேரத்துக்கு மாற்றி, டேப்பட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் மாடு மாதிரி உழைக்கும். பயப்பட வேண்டியது துருவுக்கு.

இந்தக் காருக்குத் தனி சேஸி கிடையாது. பாடியே சேஸி. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியை 'சில்' என்பார்கள். மேலே தகரக் கூரை இல்லாத காரில் பாரத்தில் பெரும்பங்கை அதுதான் தாங்குகிறது. அது உளுத்தால் கார் நடுவில் தொய்யும். நான் முதலில் பார்க்கப் போன கார் சிவப்பு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. விற்கிறவர் டீ போட உள்ளே போன நேரத்தில், ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கழற்றி எடுத்துப்போன காந்தத்தைத் துணியில் சுற்றி சில் மேல் வைத்தேன். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தேன், அங்கேயும் வழுக்கி விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். பிறகு வாங்கியது பெயிண்ட் மங்கிய பச்சைக் கார், சீட்டும் கிழிசல். ஆனால் காந்தம் பசை போட்ட மாதிரி ஒட்டியது. சீட்டை ஒரு வாரக் கடைசியில் மாற்றிவிடலாம். சில் மாற்றுவதென்றால் வெல்டிங், பாடி தொய்யாமல் முட்டுக்கொடுத்து வைப்பது என்று காரின் விலையைத் தாண்டிப் போகலாம்.

உதிரிபாகங்களுக்குக் கவலை வேண்டாம். 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். புது பாடியே வேண்டுமென்றாலும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988-ல் அதற்கும் வழிசெய்துவிட்டது.

இந்தக் காரில் எனக்குப் பிடித்த வேலை கார்புரேட்டர் ட்யூனிங், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவியைச் சரிசெய்வது. இதில் இருப்பது இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். அந்தப் பெயர் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். அதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத்துக்குச் செருப்பு வியாபாரம், அதனாலோ என்னவோ ஆரம்பகால எஸ்யூ-வுக்குள் தோல் துருத்தி இருந்தது! இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் 'உஸ்ஸ்' ஒரே சுருதியில் வர வேண்டும். அடுத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குங்கள். எஞ்சின் ஒரு கணம் வேகமெடுத்துப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. வேகமெடுத்தது அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இருமிச் சாகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கீழே இருக்கும் நட்டை ஒரு பக்கம் திருப்ப வேண்டியதுதான். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வற்றியிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும்.

நடுரோட்டில் நின்ற கதையும் உண்டு, மறைப்பானேன். குளிர்காலம் முழுக்க நாலு மாதம் காரைத் தொடவில்லை. மார்ச்சில் எடுத்துக்கொண்டு போனால் பர்ஃபோர்டு ஊரைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் மூச்சை நிறுத்திவிட்டது. சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து வழக்கமாக வரும் பெட்ரோல் பம்ப்பின் 'டக் டக்' இல்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். சாவியைப் போடச் சொல்லிவிட்டு, குனிந்து வலது பின்சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டு இரண்டு தட்டு தட்டினார். டக் டக் டக். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு நாயோடு போய்விட்டார். சும்மா கிடந்ததில் பம்ப்புக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் களிம்பேறியிருந்தது. தப்பு என்னுடையது. இப்போது குளிர்காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச தூரமாவது ஓட்டுகிறேன்.

எலெக்ட்ரிக்கல் பற்றி இங்கே ஆயிரம் ஜோக்குகள், எல்லாம் இந்தக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியைக் கிண்டலடித்து. என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கோளாறு எர்த் கனெக்‌ஷனில் படிந்த துருதான். எமரி பேப்பரால் தேய்த்தால் விளக்கு எரியும். ஒன்று மட்டும் கவனம்: 1967 வரை வந்த எம்ஜிபி-களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைதான் வரும்.

பெட்ரோல், 2021-லிருந்து சாதாரண பங்க்கில் வருவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். சூப்பர் ரகமான இ5 போடுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள். நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் ரோடு டாக்ஸ் இல்லை. பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நான் வருடா வருடம் செய்துகொள்கிறேன். பிரேக் விஷயத்தில் என் கண்ணை நான் நம்புவதில்லை.

சுகம் எங்கே என்று கேட்பீர்கள். காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே வளைந்து போகும் சின்ன ரோடு, ஞாயிறு காலை ஏழு மணி, கூரை திறந்திருக்கிறது. மூன்றாம் கியரில் இழுத்துக்கொண்டு போய் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சத்தம் சட்டென்று ஒரு கட்டை இறங்கும். ஸ்பீடோமீட்டர் ஐம்பது மைலைத்தான் காட்டும், உடம்புக்கு எண்பது மாதிரி இருக்கும். வெட்டிய புல் வாசனை, மாட்டுச் சாண வாசனை, கொஞ்சம் சூடான ஆயில் வாசனை.

கார் பார்க்கப் போகும்போது காந்தத்தோடு, படுத்து அடியில் பார்க்க ஒரு பழைய பாயையும் எடுத்துப்போங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை வைத்து ஈரம் பார்த்தாலே மீதி தெரிந்துவிடும்.