"அவர்களே ஒப்புக்கொள்கிறார்களே" என்று கேட்ட நண்பருக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்யும் கறுப்பினப் பெரியவர் ஒருவர் தம் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். "பிள்ளையைப் பெற்றால் மட்டும் தகப்பன் ஆகிவிட முடியாது, எல்லாவற்றுக்கும் பிறரைக் கைகாட்டிக்கொண்டிருந்தால் நம் பிள்ளைகள் தேற மாட்டார்கள்" என்று போதகர் முழங்க, சபையே எழுந்து நின்று "ஆமென்" என்றது. இதை நம்மவர் வீட்டு விருந்தில் நீங்கள் சொன்னபோது ஒரு நண்பர், "பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்! அதையே நாம் சொன்னால் மட்டும் இனவெறியா?" என்று கேட்டார். உங்களுக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது சரிதானா, அலுவலகத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதகர் சொன்னது சரி. உங்கள் நண்பர் சொன்னது தவறு. நான் இந்த நகரத்தின் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கணக்கு சொல்லித்தருகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். விருந்தில் பேசிக் கலைகிற விஷயமாக இதை என்னால் பார்க்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட பிரசங்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. வாரக்கடைசியில் நம் குடும்பங்கள் உலாவப் போகிற பீட்மாண்ட் பூங்கா இருக்கிறதே, அங்கே 1895 செப்டம்பரில் ஒரு பெரிய பருத்திக் கண்காட்சி நடந்தது. அதில் புக்கர் டி. வாஷிங்டன் பேசினார். அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டியெழுப்பியவர். தொழில் கற்றுக்கொள்ளுங்கள், சேமியுங்கள், நிற்கிற இடத்திலேயே வேரூன்றுங்கள், சமூக சமத்துவத்துக்கான கிளர்ச்சி இப்போது வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். கூடியிருந்த வெள்ளையர்கள் ஆரவாரம் செய்தார்கள். தங்களிடம் எதையும் கேட்காத ஒரு பேச்சுக்குக் கைதட்டுவது எளிது. ஆனால் அதே வாஷிங்டன், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த அலபாமா அரசமைப்பை எதிர்த்து நடந்த வழக்குக்கு யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1903இல் தோற்றது. மேடையில் சொந்த மக்களைத் திருத்தியவர், மறைவில் அவர்களுக்காக வழக்காடினார். கைதட்டியவர்களுக்கு முதல் பாதிதான் தெரியும்.

அவரைக் கடுமையாக எதிர்த்த கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் இதே ஊரில், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில், 1897 முதல் 1910 வரை ஆசிரியராக இருந்தார். அவர் எதிர்த்தார் என்பதால் சுயவிமர்சனத்தையே எதிர்த்தார் என்று எண்ணிவிடாதீர்கள். ஃபிலடெல்ஃபியா நகரின் கறுப்பின மக்களை வீடு வீடாகப் போய் ஆராய்ந்து 1899இல் அவர் வெளியிட்ட நூலின் இறுதியில் கறுப்பினத்தவரின் கடமை என்று ஒரு பகுதியும், வெள்ளையரின் கடமை என்று ஒரு பகுதியும் அடுத்தடுத்து வருகின்றன. உயர்த்திக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கை கறுப்பின மக்களே செய்தாக வேண்டும் என்கிறார்; அவர்கள் முயற்சிக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதே பிறர் செய்யக்கூடிய பெரிய உதவி என்று கூடவே சொல்கிறார். உங்கள் நண்பர் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்.

கடமையைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் இந்த ஊரே சொல்லும். அலோன்சோ ஹெர்ண்டன் 1858இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் கற்று, பீச்ட்ரீ தெருவில் வெள்ளைக்காரப் பெரும்புள்ளிகள் வரிசையில் காத்திருக்கும் அளவுக்கு ஆடம்பரமான கடை வைத்தார். 1905இல் காப்பீட்டுத் தொழிலில் இறங்கி, பின்னாளில் அட்லாண்டா லைஃப் என்று புகழ்பெற்ற நிறுவனத்துக்கு அடித்தளம் போட்டார். வாஷிங்டன் சொன்ன அறிவுரை ஒன்று விடாமல் அந்த மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1906 செப்டம்பரில், பத்திரிகைகள் பரப்பிய பொய்ச் செய்திகளால் வெறியேறிய வெள்ளையர் கும்பல் நகரத்தில் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றது. ஹெர்ண்டனின் கடையும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. அதன்பின் கறுப்பின வணிகம் ஆபர்ன் அவென்யூவில் ஒதுங்கிச் செழித்தது. உலகிலேயே செல்வம் மிக்க கறுப்பினத் தெரு என்று பெயர் வாங்கிய அந்தத் தெருவை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. நீங்கள் தினமும் காரில் போகிற டவுன்டவுன் கனெக்டர்தான் அது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 2004 மே மாதம், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த பிரவுன் தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு விழா வாஷிங்டன் நகரில் நடந்தது. கறுப்பின நடிகர் பில் காஸ்பி மேடையேறி, பிள்ளைக்கு விலையுயர்ந்த காலணி வாங்கித்தரும் ஏழைப் பெற்றோர் படிப்புக்குச் செலவிடுவதில்லை என்று சாடினார். கறுப்பினத்தவர் பலர் கைதட்டினார்கள், பலர் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் எரிக் டைசன் என்ற அறிஞர் ஒரு முழுப் புத்தகமே எழுதி அதை மறுத்தார். ஏழைகளை அடிப்பதற்கு வசதி படைத்தவர்கள் கண்டுபிடித்த தடி இது என்பது அவர் பக்கத்து வாதம். 2008இல் தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில் ஒபாமா, கடமையை விட்டு ஓடிய தகப்பன்மார்களைப் பற்றிப் பேசினார். அவருக்கு இரண்டு வயதானபோது அவர் தந்தையே பிரிந்துபோனவர். பள்ளிகளுக்குப் பணம் வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும் என்பதும் அதே உரையில் இருந்தது. செய்திகளில் எது தலைப்பாயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினத்தவரைத் தாழ்த்திப் பேசுகிறார் என்று கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் பொருமியது ஒலிவாங்கியில் பதிவாகிப் பெரிய செய்தியானது. 2013இல் நம் ஊரில் கறுப்பின ஆண்கள் படிக்கும் மோர்ஹவுஸ் கல்லூரியின் பட்டமளிப்பில் ஒபாமா சாக்குப்போக்குக்கு இனி நேரமில்லை என்றபோது, எழுத்தாளர் டா-நெஹசி கோட்ஸ், வேறு எந்தப் பட்டதாரிகளிடமும் ஒரு குடியரசுத் தலைவர் இப்படிப் பேச மாட்டாரே என்று கேட்டார்.

இவற்றை அடுக்கக் காரணம் உண்டு. "அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று ஒற்றை வரியில் முடிக்கும்படி அங்கே எதுவும் இல்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தனக்குள் தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருக்கிறது. அந்த வாதத்தில் ஒரு தரப்பின் பாதி வாக்கியத்தைப் பிடுங்கி ஒப்புதல் வாக்குமூலம்போல நீட்டுவது நேர்மையற்ற செயல்.

என் வகுப்பறையில் இதைத் தினமும் பார்க்கிறேன். பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி ஆண்டின் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து, "அவன் வீட்டுப்பாடம் தராவிட்டால் அன்று மாலையே எனக்கு ஃபோன் செய்யுங்கள், எந்தக் காரணத்தையும் கேட்காதீர்கள்" என்று சொல்லிப் போவார். அதே பாட்டி, பையன் கார் ஓட்டப் பழகும்போது, போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வை, திடீரென்று எதையும் எடுக்காதே, குரலை உயர்த்தாதே என்று மனப்பாடம் செய்யவைப்பார். மற்றவர்கள் பெறுவதில் பாதியைப் பெறுவதற்கே நீ இரண்டு மடங்கு திறமையாக இருக்க வேண்டும் என்று இங்கே கறுப்பினக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்வார்கள். பிள்ளையிடம் எதிர்பார்க்கும் கண்டிப்பும் நாட்டின் மேல் வைக்கும் குற்றச்சாட்டும் அந்த ஒரே பேச்சில் இருக்கின்றன. உங்கள் போதகரின் "ஆமென்"னும் அப்படிப்பட்டதுதான்.

நண்பர் இரண்டு புள்ளிவிவரங்களைக் கட்டாயம் எடுத்துவருவார். எனக்கு எல்லா விருந்திலும் வருகின்றன. ஒன்று, கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குத் தகப்பனே இல்லை என்பது. அந்த எண் திருமணமாகாத தாய்மார்களுக்குப் பிறப்பவர்களின் விகிதம். அந்தக் குழந்தைகளின் தந்தையரில் பலர் அதே வீட்டில் இருக்கிறார்கள், பலர் பக்கத்துத் தெருவில். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளோடு வாழ்கிறவர்களில், குளிப்பாட்டுவது, உடுத்துவது, டயப்பர் மாற்றுவது போன்ற வேலைகளைத் தினமும் செய்வதாகச் சொன்ன கறுப்பினத் தந்தையர் 70 விழுக்காடு, வெள்ளையரில் 60. நம் வீடுகளில் இதை எடுத்துப் பார்த்தால் என்ன வரும் என்று நண்பரிடம் கேளுங்கள். இன்னொன்று, கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரே கொல்கிறார்கள் என்பது. உண்மை. வெள்ளையர்களைப் பெரும்பாலும் கொல்வது வெள்ளையர்களே. யாரோடு வாழ்கிறோமோ அவர்களோடுதான் சண்டையும் வருகிறது. இதைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை என்று சொல்பவர், கொலையுண்ட பிள்ளைகளின் தாய்மார்கள் மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் எந்தத் தெருவுக்கும் போனதில்லை. 1995 அக்டோபர் 16 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் திரண்டார்கள். மனைவி மக்கள் மீது கை ஓங்கமாட்டோம் என்று உறுதி எடுத்த அந்த நாளுக்குப் பரிகார நாள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அழைத்தவர் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின அமைப்பின் தலைவர் லூயிஸ் ஃபாரகான்; அவருடைய யூத வெறுப்பை ஏற்காதவர்களும் அதற்காகவே போனார்கள்.

"நாம் இரண்டு பெட்டியோடு வந்து முன்னேறவில்லையா?" என்பார். இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. நாம் சலித்தெடுத்த மாவு. பட்டமும் வேலை உத்தரவும் உள்ளவர்களை மட்டும் விசா என்ற சல்லடை இந்தப் பக்கம் விட்டது. அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது விருதுநகர் மாவட்டத்து மக்களின் வரிப்பணமும் இட ஒதுக்கீடும். அதோடு, கதவே மூடிக் கிடந்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1946இல் ஆண்டுக்கு நூறு இந்தியர்களுக்குக் கதவு திறந்தது. 1965 அக்டோபரில்தான் நாடு பார்த்து ஒதுக்கும் முறையை ஒழித்தார்கள். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் 1964இல் வந்து, வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் வந்த அதே அலையில் வந்தது அது. அந்த அலையை எழுப்பியவர்கள் அடிபட்டும் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் போராடிய கறுப்பின மக்கள். அவர்களோ, 1930களில் தங்கள் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து வீட்டுக்கடன் மறுத்த அரசின் விளைவை இன்றும் சுமக்கிறார்கள். 2022இல் மத்திய வங்கியின் கணக்கெடுப்பில் சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். சிக்கனமாக வாழ்வதால் மட்டும் நிரம்புகிற பள்ளமா இது?

நம் பக்கத்திலிருந்து ஒன்று சொன்னால் நண்பருக்கு விளங்கலாம். 1927இல் மகாராஷ்டிராவின் மகாடு என்ற ஊரில் அம்பேத்கர் தம் மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவு சுமத்தும் வேலைகளை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று கடிந்து பேசினார். அதே கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளினார். அந்தக் கடிந்துரையை மட்டும் எடுத்துவைத்து, "பாருங்கள், அம்பேத்கரே ஒப்புக்கொள்கிறார்" என்று குளத்தை அடைத்துவைத்திருந்தவர்கள் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதோரின் நிலைக்கும் இங்குள்ள கறுப்பினத்தவரின் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சொல்லியிருக்கிறார். டுபாய்ஸும் பதில் எழுதினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் என்று இரக்கப்பட்டு எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவெடுக்காதீர்கள். என் சக ஆசிரியர்களில் அப்படிச் சிலர் உண்டு. கஷ்டப்படுகிற பிள்ளை என்று வீட்டுப்பாடத்தைத் தள்ளுபடி செய்வார்கள், மதிப்பெண்ணைத் தூக்கிப் போடுவார்கள். அந்தப் பிள்ளையால் முடியாது என்று முன்பே தீர்மானித்துவிட்ட மனம் அது. நான் விடுவதில்லை. பாட்டிக்கு ஃபோன் செய்கிறேன், பள்ளி விட்டபின் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். அதனால் என் கண்டிப்பை அந்தக் குடும்பங்கள் ஏற்கின்றன. "நல்ல பள்ளி மாவட்டம்" தேடி வடக்கே வீடு வாங்கிவிட்டு, தெற்கே இருக்கும் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி அங்கிருந்து பேசுவதை யார் ஏற்பார்கள்?

அலுவலகத்தில் பேச்சு வந்தால், உங்கள் பெரியவரிடம் கேள்வி கேளுங்கள். அவர் அப்பா எந்த ஊரில் வேலை பார்த்தார், எந்தப் பள்ளிக்கு அனுப்பினார், அந்தப் போதகரோடு அவர் எதில் முரண்படுகிறார் என்று கேளுங்கள். உங்கள் கருத்தை அவராகவே கேட்டால், நம் சமூகத்தில் நீங்கள் திருத்த விரும்புவதைச் சொல்லுங்கள், சாதியில் தொடங்கலாம். மறுபடி தேவாலயத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். ஆபர்ன் அவென்யூவையும் ஒரு நாள் நடந்து பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும் எபனேசர் தேவாலயமும் அங்கேதான் இருக்கின்றன.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் பகுதி நூலகத்தில் இலவசமாகக் கணக்கு சொல்லித்தருகிறோம். வருகிற பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு ஆசிரியர்கள் இல்லை, இயற்கணிதத்துக்கு ஆள் மிகவும் குறைவு. உங்களுக்கு வசதிப்பட்டால் வாருங்கள், விருந்தில் பேசிய நண்பரையும் அழைத்து வாருங்கள்.