வாலிபால், ஆள் பார்க்கும் வேலை – கடிதம்

மதிப்பிற்குரிய சார்,

கருங்கல் பக்கம் என் ஊர். உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்திருக்கிறேன், செட்டராக, அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, ஆடியவன். ஒரு தனியார் கல்லூரியில் வாலிபால் துணைப் பயிற்சியாளராக ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் நிர்வாகம் தருவது, வருடத்துக்குப் பத்து மாதம். அங்குள்ள பிசிக்கல் டைரக்டர், "கோச்சிங்கை நான் பாத்துக்கிடுதேன், நீ நல்ல பயலுவளைக் கொண்டு வா" என்கிறார். அமெரிக்காவில் படிக்கும் மாமா மகன், அங்கே கல்லூரிகளில் ஆள் எடுப்பதற்கென்றே துணைப் பயிற்சியாளர் உண்டு, அது பெரிய வேலை என்கிறான். இங்கே அது வேலையா, எடுபிடியா என்று தெரியவில்லை.

ஒரு மேட்சைப் பார்த்து ஒரு பையனை எப்படி மதிப்பிடுவது? வீட்டில் போய் என்ன பேசுவது? இதில் எதிர்காலம் உண்டா, என்.ஐ.எஸ். பயிற்சியாளர் சான்றிதழ் முதலிலா, எம்.பி.எட். முதுகலைப் பட்டம் முதலிலா? நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

எஸ்., கருங்கல்

*

அன்புள்ள எஸ்.,

ஜூனில் சேர்ந்தால் இந்த வருட ஆட்கள் உங்களுக்கு இல்லை. பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும். அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். உங்கள் கல்லூரி தனியார் என்றாலும் ஓரளவு ஆடத் தெரிந்த பையன் அதற்குள் எங்காவது வாக்குக் கொடுத்திருப்பான். பத்து மாதச் சம்பளத்தில் விடுபடும் இரண்டு மாதம் ஏப்ரலும் மேயுமாகத்தான் இருக்கும். ஆள் எடுக்கிறவனுக்கு அந்த இரண்டு மாதத்தில்தான் வேலையே. அடுத்த வருடத்திலிருந்து பன்னிரண்டு மாதச் சம்பளம், இல்லையென்றால் அந்த இரண்டு மாதத்துக்குப் பயணப்படியாவது வேண்டும் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

மாமா மகன் சொல்வது சரிதான். ஆனால் அது வேறு உலகம். அமெரிக்கக் கல்லூரி வாலிபாலில் பணம் பெண்கள் அணியில் இருக்கிறது. 2025 வரை முதல் பிரிவுப் பெண்கள் அணி ஒன்றுக்கு 12 முழு உதவித்தொகை, ஆண்கள் அணிக்கு 4.5 மட்டும். அந்த நாலரையைப் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். பள்ளியில் பத்தாவது வருடம் முடிந்து ஜூன் 15 வரும்வரை பயிற்சியாளர் அந்த மாணவியோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது என்பதுவரை விதி உண்டு. நமக்கு விதி இல்லை, பணமும் இல்லை. இருப்பது கட்டணச் சலுகை, விடுதி, ஒரு ஜோடி ஷூ.

ஆள் பார்ப்பதற்கு வருவோம். ஆகஸ்டிலிருந்து பள்ளிகளுக்கான குறுவட்டம், வருவாய் மாவட்டப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் நடக்கும் தேர்வுகள். இவற்றை எல்லாக் கல்லூரிக்காரர்களும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கிறிஸ்துமஸ், பொங்கல், பங்குத் திருவிழா சமயத்தில் ஊர்ப்புற மன்றங்கள் விளக்குப் போட்டு நடத்தும் டோர்னமென்ட். பள்ளி அணியில் இடம் கிடைக்காத பையன் அங்கேதான் ஆடுவான்.

அங்கே போகும்போது ஐந்து மீட்டர் டேப் ஒன்று பையில் இருக்கட்டும். ஆண்கள் வலை நடுவில் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஓரக்கோடுகளுக்கு மேலே இரு பக்கமும் ஒரே உயரம் இருக்க வேண்டும், நடு உயரத்தைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக்கூடாது. ஊர் மைதானத்தில் கயிறு தளர்ந்து நடுவில் 2.36, 2.35 என்று தொங்குவது சாதாரணம். அந்த ஏழு சென்டிமீட்டரில் சுமாரான பையனும் மூன்று மீட்டர் கோட்டுக்குள் குத்தி இறக்குவான், கூட்டம் விசிலடிக்கும். கல்லூரி கோர்ட்டில் அதே ஸ்மாஷ் வலையின் மேல்பட்டையில் முட்டும். ஆட்டம் தொடங்கும் முன்னால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு உட்காருங்கள்.

எங்கே உட்காருவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நடுவர் பக்கம் உட்கார்ந்தால் குதி உயரம் தெரியும், மற்றது தெரியாது. முதல் செட்டை எண்ட் லைனுக்குப் பின்னாலிருந்து பாருங்கள். சர்வீஸ் எடுக்கும் (எதிரணி போட்டதை வாங்கும்) கை எந்தக் கோணத்தில் நிற்கிறது, பிளாக்கில் இடைவெளி எங்கே விழுகிறது, அடிக்கிறவன் ஒரே திசையில்தான் அடிக்கிறானா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். இரண்டாவது செட்டுக்குக் கம்பத்துப் பக்கம் வாருங்கள். ஒரு செட்டில் ஒரே பையனைப் பாருங்கள். கண் பந்தைத் தேடிப் போகும், விடாதீர்கள். நல்ல வீரனுடைய வேலை பாதி அவனிடம் பந்து இல்லாதபோது நடக்கிறது. பக்கத்தவன் ஸ்மாஷ் செய்யும்போது கவர் எடுக்க வருகிறானா, பிளாக்கிலிருந்து இறங்கியதும் திரும்புகிறானா, செட்டர் மோசமாகக் கொடுத்த பந்துக்கு முகத்தைச் சுளிக்கிறானா?

கால்களைக் கவனியுங்கள். வலக்கைக்காரனுக்குக் கடைசி இரண்டு அடி வலது, இடது என்று விழ வேண்டும். மாற்றி வைப்பவன் பதினேழு வயதில் வந்தால் திருத்தலாம், ஒரு சீசன் முழுக்கப் போகும், களைத்தால் பழையபடி மாற்றி வைப்பான். அவனை எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. முதல் வருடம் அவனை நம்பி அணி கட்டாதீர்கள். இடக்கைக்காரனைக் கண்டால் மட்டும் இரண்டாவது தடவை போய்ப் பாருங்கள், ரைட் சைடில் அவனுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை.

காற்று இன்னொரு ஏமாற்று. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்க மைதானங்களில் கணவாய்க் காற்று பந்தைத் தள்ளும். அங்கே சாதாரண மிதவை சர்வீஸே எடுக்க முடியாமல் போகும், போட்டவன் பெரிய சர்வராகத் தெரிவான். அதே பையனை உள்ளரங்கில் ஒரு தடவை போடச் சொல்லிப் பாருங்கள். மறுபக்கம், அந்தக் காற்றில் நின்று சர்வீஸ் ஒழுங்காக எடுக்கிற ஒல்லிப் பையன் யார் கண்ணிலும் படமாட்டான். உங்கள் லிபரோ, அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன், அவன்தான். சர்வீஸ் எடுப்பதற்கு மதிப்பெண் போடுங்கள்: செட்டருக்கு அப்படியே போனால் 3, இரண்டு பக்கம் கொடுக்க முடிகிற அளவுக்குப் போனால் 2, ஒரே இடத்துக்குத்தான் கொடுக்க முடியும் என்றால் 1, பாயின்ட் போனால் 0. இருபது பந்தாவது எண்ணிச் சராசரி 2-க்கு மேல் இருந்தால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செட்டரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உயரத்தைக் கேட்டு மயங்காதீர்கள். அளக்க வேண்டியது நின்றபடி ஒரு கையைத் தூக்கினால் எட்டும் உயரம், பிறகு ஓடிவந்து குதித்துத் தொடும் உயரம். ஒரே 183 சென்டிமீட்டர்ப் பையன்கள் இருவருக்குக் கைநீட்டில் ஆறேழு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். வெறுங்காலில் நிற்க வைத்து, விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தடவி, சுவரில் தொடச் சொல்லுங்கள். ஓடிவந்து குதிப்பதைச் சுவரில் செய்ய வைக்காதீர்கள், முட்டி போகும். பள்ளியில் பாஸ்கெட்பால் கம்பம் இருந்தால் அது போதும். பலகையின் அடிவிளிம்பு 2.90, வளையம் 3.05 மீட்டர். கம்பம் புதைந்திருக்கலாம், அதையும் டேப் வைத்துச் சரிபாருங்கள். மூன்று தடவை குதிக்கவிட்டு நல்லதை எடுங்கள். என் கணக்கில் கல்லூரிகளுக்கிடையே ஆட 3.10 தொட்டால் போதும், பல்கலைக்கழக அணிக்குப் போக 3.20-க்கு மேல் வேண்டும். பெண்களில் 2.65 தொடுகிறவள் பயன்படுவாள். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் பந்து நெடுநேரம் உயிரோடு இருக்கும், அங்கே நான் முதலில் பார்ப்பது சர்வீஸ் எடுக்கும் கையைத்தான்.

வீட்டுக்குப் போகும் நேரம். தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கம் ஆழ்கடல் போகிற குடும்பம் என்றால் ஜூன், ஜூலையில் போங்கள். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அப்போது அப்பா கரையில் இருப்பார். மற்ற மாதங்களில் அம்மாவிடம் மட்டும் பேசி வந்தால் முடிவாகாது. ஆனால் சேர்க்கைக்கு அது பிந்திப்போகும் என்பதால் அந்தப் பக்கம் இந்த ஜூனில் பிளஸ் ஒன் பையனுக்காகப் போக வேண்டும், பிளஸ் டூ பையனுக்காக அல்ல. குலசேகரம், திருவட்டார் ரப்பர்க்காரர்கள் வீட்டுக்கு விடியற்காலையில் போனால் ஆள் இருக்காது. பால் எடுத்து முடித்து மதியம்தான் வருவார்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாளில் எந்த நேரமும் போகலாம்.

என்ன பேசுவது என்றால், கடிதத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டிருப்பதை மட்டும். கல்விக் கட்டணம் எத்தனை சதவீதம் விடுதலை, மூன்று வருடத்துக்குமா ஒரு வருடத்துக்கா, விடுதிச் சாப்பாடு சேர்ந்ததா, தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது, அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா. கடைசிக் கேள்வியைப் பெற்றோர் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். சண்டையெல்லாம் அதில்தான் வருகிறது. வேறு கல்லூரிக்குப் போய்விடுவான் என்று அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கச் சொன்னால் செய்யாதீர்கள், நிறுவனங்கள் அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. பெண்பிள்ளை வீட்டில் முதல் கேள்வி வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போவார்கள் என்பது. அழைத்துப்போகும் ஆசிரியையின் பெயரோடு போங்கள். கடையாலுமூடு, பேச்சிப்பாறைப் பிள்ளைகள் என்றால் மாலைப் பயிற்சி முடிந்து கடைசி பஸ் கிடைக்குமா என்று நீங்களே நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"வேலை கிடைக்குமா சார்?" என்பார்கள். இதில்தான் பொய் அதிகம் புழங்குகிறது. கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் கோப்பை வாங்கினாலும் அந்தச் சான்றிதழுக்கு மத்திய அரசு வேலையில் மதிப்பு இல்லை. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் கேட்கும் சான்றிதழான 'ஃபார்ம் 3' கிடைக்கும், அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். தேசியப் பள்ளிப் போட்டிக்கு 'ஃபார்ம் 4', மாநில அணிக்கு 'ஃபார்ம் 2'. ரயில்வே இன்னும் கடுமை, கலந்துகொண்டால் போதாது, இடம் பிடித்திருக்க வேண்டும் என்று கேட்கும். உங்கள் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தால் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பையன்களோடும் போட்டி போட்டுத்தான் அந்த அணியில் நுழைய முடியும். கல்லூரி தோற்றாலும் தனி ஆளாகத் தேர்வாகலாம் என்பதையும் சொல்லுங்கள், அது உண்மை.

கொண்டுவருவதோடு வேலை முடிகிறது என்று பிசிக்கல் டைரக்டர் நினைக்கிறார். நிஜத்தில் துணைப் பயிற்சியாளரின் மரியாதை மூன்றாம் வருடத்தில் எத்தனை பேர் மிச்சம் என்பதில் இருக்கிறது. பையன் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டம் அல்ல. 75 சதவீத வருகை, அரியர், பசி. போட்டிக்குப் புறப்படும் அன்றே ஓ.டி. (ஆன் டூட்டி) பட்டியல் துறைத்தலைவர் மேஜைக்குப் போக வேண்டும், திரும்பி வந்து கொடுத்தால் நாள் கணக்கு வழக்காகும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் யாருக்கு எந்தத் தாள் நிற்கிறது என்ற பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, விடுதியில் டிபன் எட்டு மணிக்கு என்றால் நடுவில் இரண்டு முட்டையோ அவித்த பயறோ ஏற்பாடு செய்யுங்கள். மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்தவனுக்கு விடுதிச் சாம்பார் ஒரு மாதத்தில் ஊரை நினைவூட்டிவிடும்.

முதல் மாதம் குதிப்பை எண்ணுங்கள். செம்மண் தரையில் ஆடியவன் சிமென்ட் தரைக்கு வந்ததும் முழங்காலுக்குக் கீழே, முட்டிச் சிரட்டைக்கு அடியில் வலிக்கிறது என்பான். அது தசைநாண் வலி. ஓய்வு கொடுத்தால் அடங்கும், அதட்டி ஆட வைத்தால் வருடம் முழுக்க நிற்கும். நாளுக்கு ஐம்பது, அறுபது குதியில் தொடங்கி வாரத்துக்குப் பத்தாகக் கூட்டுங்கள். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் நம் மாவட்டத்தில் மண் கோர்ட்டை வருடத்தில் இரண்டு முறை படுக்க வைக்கும். மழை விட்டதும் விட்ட பயிற்சியையெல்லாம் ஒரே வாரத்தில் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பார்கள், கணுக்காலும் முழங்காலும் போவது அந்த வாரத்தில்தான்.

எதிர்காலம் பற்றி. நம் கல்லூரிகளில் நிரந்தரப் பதவி என்பது உடற்கல்வி இயக்குநர்தான். துணைப் பயிற்சியாளர் நிர்வாகத்தின் ஆள், அந்த நாற்காலியில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் அது தானாக நிரந்தரமாகாது. இயக்குநர் ஆக எம்.பி.எட்.டில் 55 சதவீதம், கூடவே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட். அதோடு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடிய சான்று, உடல்தகுதித் தேர்வு. எம்.பி.எட். இரண்டு வருட முழுநேரப் படிப்பு, இந்த வேலையோடு சேர்த்து ஓட்ட முடியாது. என்.ஐ.எஸ். ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பு வழக்கமாகக் கோடையில் நடக்கும், நீங்கள் ஆள் பிடிக்க அலைய வேண்டிய அதே நேரம். இந்த வருட ஆட்கள் எப்படியும் போய்விட்டதால் அதை இந்தக் கோடையிலேயே முடியுங்கள், சேர்ந்த பிறகு எந்தக் கோடையிலும் உங்களை விடமாட்டார்கள். பிறகு இரண்டு சீசன், அதிகம் போனால் மூன்று, இந்த வேலையில் இருந்துவிட்டு எம்.பி.எட்.டுக்குப் போங்கள். உடல்தகுதித் தேர்வில் முப்பது வயதுவரை 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓடினால் போதும், அது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நெட் தேர்வுதான் இழுக்கும். பாட எண் 47, பாடத்திட்டம் யு.ஜி.சி. தளத்தில் கிடைக்கும், டோர்னமென்டுக்குப் போகிற பஸ்ஸில் படிக்கலாம்.